காரிங்டனின் கழுதைப்புலி எந்த ராசி?

தூரிகைதாசன்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் மாதந்தோறும் கூடும் சிறிய வாசகர் வட்டத்தில், அடுத்த முறை, கனவையும் ஆழ்மனத்தையும் கருப்பொருளாக்கிய சர்ரியலிஸ ஓவியங்களைப் பற்றி நாற்பது நிமிடம் பேசும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அந்த வகை ஓவியரான லியோனோரா காரிங்டன் 1937-38 காலத்தில் வரைந்த தன்னுருவ ஓவியத்தை மையமாக வைத்துப் பேசலாம் என்று எண்ணியிருக்கிறேன். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அந்தப் படத்துக்கு ‘வைகறைக் குதிரையின் விடுதி’ என்று பொருள்படும் இன்னொரு பெயரும் உண்டு. குதிரையேற்றத்துக்கு உரிய வெள்ளைக் காற்சட்டை அணிந்த இளம்பெண் ஒருத்தி, பிடரிமயிர் போல் சிலிர்த்து நிற்கும் கூந்தலுடன், நாற்காலியின் நுனியில் அமர்ந்து கையை நீட்டுகிறாள். எதிரே, மடியில் பால் கட்டிய பெண் கழுதைப்புலி ஒன்று நிற்கிறது. அவளுக்குப் பின்னால் வாலில்லாத மரக்குதிரை ஒன்று சுவரையொட்டி அந்தரத்தில் மிதக்கிறது. சன்னலுக்கு வெளியே உயிருள்ள வெள்ளைக் குதிரை பாய்ந்து ஓடுகிறது.

இந்த ஓவியர்கள் பலர் சோதிடத்திலும் இரசவாதத்திலும் ஈடுபாடு கொண்டிருந்தார்கள் என்று படித்ததால், ஒவ்வொரு விலங்கையும் ஒரு ராசியோடு பொருத்தி அட்டவணை ஒன்று தயாரிக்கத் தொடங்கினேன். மேலைநாட்டார் தனுசு ராசியைக் குதிரையுடல் கொண்ட வில்லாளனாக வரைவதால், குதிரைக்கு நேரே தனுசு என்று எழுதினேன். ஆனால் காரிங்டன் பிறந்தது 1917 ஏப்ரல் 6 அன்று; மேலைநாட்டுக் கணக்கில் அவர் மேஷம். படத்தில் ஆடு எங்கும் இல்லை. கழுதைப்புலிக்கோ பன்னிரண்டு கட்டங்களிலும் இடம் கிடைக்கவில்லை. என் அட்டவணை இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டது.

ஆகவே கேட்கிறேன்: இவ்வோவியங்களில் வரும் விலங்குகளுக்குப் பொதுவான பொருள் அகராதி என்று ஏதேனும் உண்டா? சோதிடத்தை வைத்து இவற்றை வாசிப்பது முறையா, அல்லது நான் தொடக்கத்திலேயே வழி தவறிவிட்டேனா?

மாடத்துப்புறா:

தூரிகைதாசன் அவர்களுக்கு வணக்கம். அட்டவணை நின்றுபோனது நல்லதே என்று நினைக்கிறேன். குதிரை என்றால் தனுசு, பறவை என்றால் ஆன்மா என்று எல்லாருக்கும் பொதுவான அகராதி ஒன்றை இவர்கள் பகிர்ந்துகொள்ளவில்லை. ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஓரிரு விலங்குகள் இருந்தன. அவை அவரவர் பிள்ளைப் பருவத்திலிருந்தோ படித்த கதைகளிலிருந்தோ வந்து, பல ஆண்டுகள் கூடவே வாழ்ந்து, ஏறக்குறைய குடும்பத்து உறுப்பினர்களாகவே ஆகிவிட்டவை.

காரிங்டனின் குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இங்கிலாந்தின் லங்காஷயரில், நெசவாலைத் தொழிலில் பெரும் பொருள் ஈட்டிய ஒருவரின் மகளாகப் பிறந்தவர். தாய் ஐரிஷ்காரர், பிள்ளையை வளர்த்த செவிலியும் ஐரிஷ்காரர். சிறுமியின் காதில் விழுந்த கதைகள் எல்லாம் அயர்லாந்தின் தொல்குடித் தெய்வங்களைப் பற்றியவை. குதிரையேற்றமும் பிள்ளைப் பருவத்திலேயே வந்துவிட்டது. 1939இல் வெளிவந்த அவருடைய சிறுகதைத் தொகுப்பு ஒன்றின் தலைப்புக் கதையில், பணக்கார வீட்டுப் பெண் ஒருத்தி தன் மரக்குதிரையை உயிருக்கு மேலாக நேசிக்கிறாள். வயது வந்த பிறகும் அந்த விளையாட்டா என்று சினந்து தந்தை அதை எரிக்கப் போவதாகச் சொல்கிறார். இதைப் படித்துவிட்டு அந்த ஓவியத்துக்குத் திரும்புங்கள். அறைக்குள் வாலறுந்து மிதப்பது தந்தை வீட்டுக் குதிரை; சன்னலுக்கு வெளியே ஓடுவது அவருடைய குதிரை. இந்த வாசிப்புக்குப் பன்னிரண்டு ராசிகளில் ஒன்றும் தேவைப்படவில்லை.

கழுதைப்புலியும் அப்படித்தான். அதே தொகுப்பில் உள்ள இன்னொரு கதையில், உயர்குடிப் பெண்களைச் சமூகத்துக்கு அறிமுகம் செய்யும் விருந்துக்குப் போகப் பிடிக்காத ஒரு பெண், விலங்குக் காட்சிசாலையில் தனக்குத் தோழியான கழுதைப்புலியைத் தன் உடை அணிவித்துத் தனக்குப் பதிலாக அனுப்பிவைக்கிறாள். மனித முகம் வேண்டுமே என்பதற்காக அது பணிப்பெண்ணைக் கொன்று அவள் முகத்தை எடுத்து அணிந்துகொள்கிறது. விருந்தில் அதன் நாற்றம் காட்டிக்கொடுத்துவிட, முகத்தைக் கழற்றித் தின்றுவிட்டுச் சன்னல் வழியே பாய்ந்து மறைகிறது. காரிங்டனும் அத்தகைய விருந்துகளுக்கு அனுப்பப்பட்ட பெண்தான். முதுமையில் அளித்த ஒரு பேட்டியில், தானும் கழுதைப்புலியைப் போன்றவள், குப்பைத் தொட்டிகளைக் கிளறிப் பார்க்கும் தீராத ஆவல் தனக்கு உண்டு என்ற பொருள்படப் பேசியிருக்கிறார். ஓவியர் தானே இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு, நாம் அதற்கு ஜாதகம் எழுத வேண்டியதில்லை.

இன்னொரு சர்ரியலிஸ ஓவியரான மாக்ஸ் எர்ன்ஸ்டின் பறவை இன்னும் தெளிவான சான்று. 1906இல், தாம் வளர்த்த காக்கட்டூ கிளி இறந்த அதே இரவில் தங்கை பிறந்ததாக அவர் எழுதியிருக்கிறார். பறவையும் மனிதரும் அவர் மனத்தில் அன்றே ஒன்றோடொன்று கலந்துவிட்டன என்பது அவருடைய விளக்கம். 1920களின் இறுதியில் அந்தக் கலப்புக்கு ‘லாப்லாப்’ என்று பெயரிட்டு, ‘பறவைகளின் தலைவன்’ என்று பட்டமும் சூட்டி, தம் மறுவடிவமாகவே உலவவிட்டார். காரிங்டனும் எர்ன்ஸ்டும் 1937இல் லண்டனில் சந்தித்தார்கள். மறு ஆண்டு தென்பிரான்ஸில் சான் மர்தான் தார்தேஷ் என்ற சிற்றூரில் ஒரு பழைய பண்ணை வீட்டில் குடியேறினார்கள். அந்த வீட்டுச் சுவரில் எர்ன்ஸ்ட் தம் பறவையை சிமெண்டுப் புடைப்புச் சிற்பமாகச் செய்துவைத்தார். குதிரையும் பறவையும் ஒரே வீட்டில் வாழ்ந்த காலம் அது. போர் வந்ததும் எர்ன்ஸ்ட் ஜெர்மானியர் என்பதால் பிரெஞ்சு அரசு அவரைப் பிடித்து முகாமில் அடைத்தது; வாழ்க்கை சிதறியது. காரிங்டன் 1939ஐ ஒட்டி வரைந்த எர்ன்ஸ்டின் உருவப்படம் இப்போது ஸ்காட்லாந்தின் தேசியக் கலைக்கூடத் தொகுப்பில் இருக்கிறது. பனிவெளியில், மீன்வால் போல முடியும் செந்நிற மேலங்கியில் எர்ன்ஸ்ட் நடந்து வருகிறார். அவர் பின்னால் வெள்ளைக் குதிரை ஒன்று உறைந்து நிற்கிறது. அவர் கையிலுள்ள கண்ணாடி விளக்குக்குள்ளும் ஒரு சின்னக் குதிரை அடைபட்டிருக்கிறது. தன்னுருவ ஓவியத்தில் சன்னலைத் தாண்டி ஓடிய குதிரை இரண்டே ஆண்டுகளில் இப்படி ஆனது. உங்கள் வாசகர் வட்டத்தில் இவ்விரண்டு படங்களையும் அடுத்தடுத்துக் காட்டினாலே பாதிப் பேச்சு தானாக நடந்துவிடும்.

பஞ்சாங்கப்பித்தன்:

மேலே சொல்லப்பட்டவற்றோடு உடன்படுகிறேன். கணக்கைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை; ஏனென்றால் நம்மவர்கள் கூடும் இடத்தில் ‘காரிங்டன் மேஷம்’ என்று சொன்னால் உடனே யாராவது திருத்துவார்கள்.

மேலைநாட்டார் ராசி என்று சொல்வது பிறந்த நாளில் சூரியன் நின்ற இடத்தை. நாம் சொல்வது சந்திரன் நின்ற இடத்தை. இது முதல் வேறுபாடு. இரண்டாவது, அவர்கள் இளவேனிலில் பகலும் இரவும் சமமாகும் புள்ளியை மேஷத்தின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். நாம் விண்மீன்களை வைத்து அளக்கிறோம். அந்தப் புள்ளி ஏறக்குறைய 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் பின்னோக்கி நகர்வதால், காரிங்டன் பிறந்த காலத்தில் இரு கணக்குகளுக்கும் இடையே சுமார் 22 முதல் 23 பாகை வரை விலகல் இருந்தது. ஆகவே 1917 ஏப்ரல் 6 என்பது நமக்குப் பங்குனிக் கடைசி வாரம். சூரியன் மீனத்தில், ரேவதி நட்சத்திரத்தில். 1891 ஏப்ரல் 2 அன்று பிறந்த எர்ன்ஸ்டும் மேலைக் கணக்கில் மேஷம், நம் கணக்கில் பங்குனிப் பிள்ளை. ஆட்டைத் தேடிய தூரிகைதாசன் அடுத்து மீனைத் தேடத் தொடங்கி, அந்த மேலங்கியின் மீன்வாலைப் பிடித்துக்கொண்டு ‘கண்டேன்’ என்று எழுதிவிடுவாரோ என்று அஞ்சுகிறேன். அது தற்செயல், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

இன்னொரு வலையும் உண்டு. திருமணப் பொருத்தம் பார்க்கும்போது 27 நட்சத்திரங்களுக்கும் விலங்குகளை ஒதுக்கியிருக்கிறோம் அல்லவா? அதில் அசுவினிக்கும் சதயத்துக்கும் குதிரை, ரேவதிக்கு யானை. யோனிப் பொருத்தம் என்பது சந்திரன் நின்ற நட்சத்திரத்தைக் கொண்டு பார்ப்பதே அன்றி, சூரியன் நின்றதைக் கொண்டல்ல. அதில் வரும் 14 விலங்குகளில் கழுதைப்புலி இல்லவே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, காரிங்டன் அந்த ஓவியத்தை வரைந்தபோது அவர் மனத்தில் இருந்தது நம் பஞ்சாங்கம் அல்ல. ஒருவர் எந்த வானத்தைப் பார்த்து வரைந்தாரோ அந்த வானத்தைக் கொண்டுதான் அவர் படத்தை வாசிக்க வேண்டும்.

தனுசைப் பற்றி ஒரு சிறு குறிப்பு: குதிரைப் பின்புறம் கொண்ட வில்லாளன் மேலைநாட்டாருக்கு மட்டும் உரியவன் அல்லன். பண்டைய இந்தியச் சோதிட அறிஞரான வராகமிகிரரும் தனுசை அவ்வாறே வருணிக்கிறார். கிரேக்கச் சோதிடம் இந்தியாவுக்கு வந்து கலந்ததன் தடயம் அது. நம் காலண்டர்களில் வில் மட்டும் எஞ்சி, குதிரை மறைந்துவிட்டது.

நடைவழி:

மாடத்துப்புறா சொல்வதில் ஒரு மிகை இருப்பதாகத் தோன்றுகிறது. எல்லாம் சொந்த வாழ்க்கையிலிருந்தே வந்தன என்றால், குதிரைத் தெய்வமான எப்போனாவைக் கெல்டிக் மக்கள் வணங்கியதும், வெள்ளைத் தெய்வத்தைப் பற்றிய ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸின் நூலைப் படித்ததைத் தன் வாழ்வின் மாபெரும் வெளிப்பாடு என்று காரிங்டன் கூறியதும் எங்கே போயின? அவர் தனிமனித நினைவிலிருந்து மட்டும் வரையவில்லை. பழைய தொன்மங்களில் தோய்ந்தே வரைந்தார். திறவுகோல் இருக்கிறது, அது சோதிடத்தில் இல்லை, தொன்மத்தில் இருக்கிறது என்று சொல்வதே பொருத்தம்.

மாடத்துப்புறா:

நடைவழி அவர்களின் மறுப்பு நியாயமானது. ஆனால் ஆண்டுகளைக் கவனியுங்கள். கிரேவ்ஸின் நூல் வெளிவந்தது 1948இல். தன்னுருவ ஓவியம் அதற்குப் பத்தாண்டு முந்தியது. செவிலியின் மடியில் கேட்ட கதைகள் ஏற்கெனவே அவரிடம் இருந்தன என்பதை நான் மறுக்கவில்லை. கிரேவ்ஸ் அவருக்குப் புதிதாக ஒரு குதிரையைத் தரவில்லை, தம்மிடம் ஏற்கெனவே இருந்த குதிரைக்கு நெடிய மரபு ஒன்று உண்டு என்று காட்டினார். 1953இல் வரைந்து, இப்போது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் மினோத்தோரின் மகளைப் பற்றிய படத்தைப் பாருங்கள். மாட்டுத் தலையும் கொம்பும் கொண்ட வெண்ணிற உருவம் ஒன்று மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கிறது, கிரேக்கத் தொன்மம்தான். ஆனால் அதைப் பார்த்து நிற்கும் மேலங்கி அணிந்த சிறுவர்கள் இருவரும் அவருடைய சொந்தப் பிள்ளைகள். தொன்மத்தைத் தம் சாப்பாட்டு மேசைக்கு அழைத்துவந்து உட்காரவைத்துவிடுகிறார். எது திறவுகோல், எது பூட்டு என்று பிரிக்கவே முடியாத இடம் அது. உங்கள் மறுப்பில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தூரிகைதாசன்:

அனைவருக்கும் மிக்க நன்றி. மீன்வாலைப் பற்றிப் பஞ்சாங்கப்பித்தன் ஐயா சொன்னதைப் படித்தபோது, உண்மையிலேயே அதை எழுதப் பென்சிலை எடுத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இன்னொரு ஐயம் எழுகிறது. விலங்குகளுக்கும் ராசிகளுக்கும் தொடர்பில்லை என்றால், சர்ரியலிஸத்தில் சோதிடம் உண்மையில் எங்கேதான் இருந்தது? முழுக்கவே கட்டுக்கதையா? போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன்: மெக்ஸிக ஓவியர் ஃப்ரீடா காலோ தம்மை அம்பு தைத்த மானாக வரைந்த படத்தில் ‘கர்மா’ என்ற சொல் எழுதப்பட்டிருப்பதாக ஒருவர் சொன்னார். அது மெய்யா?

குடுவைக்குள்நிலா:

கட்டுக்கதை அல்ல. சோதிடம் இருந்தது, ஆனால் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை.

முதலில், சர்ரியலிஸ இயக்கத்துக்குத் தலைமை தாங்கிய கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன். 1929இல் வெளியிட்ட இயக்கத்தின் இரண்டாம் அறிக்கையில், சர்ரியலிஸம் ஆழமாகவும் மெய்யாகவும் தன்னை மறைத்துக்கொள்ள வேண்டும் என்று பெரிய எழுத்துகளில் அச்சிட்டவர் அவர். ‘மறைவு’ என்பதற்கு அவர் கையாண்ட பிரெஞ்சுச் சொல், கோள் ஒன்று மற்றொன்றால் மறைக்கப்படுவதையும் மறைஞானத்தையும் ஒருங்கே நினைவூட்டுவது. அதே அறிக்கையில், 1896 முதல் 1898 வரையிலான யுரேனஸ்–சனிச் சேர்க்கையைத் தமக்கும் சக கவிஞர்களான லூயி அராகோனுக்கும் போல் எலுவாருக்கும் உரிய பிறப்பு வானமாகக் காட்டுகிறார். 1781இல்தான் கண்டுபிடிக்கப்பட்ட யுரேனஸ் நம் நவக்கிரகங்களில் ஒன்றல்ல என்பதையும் பஞ்சாங்கப்பித்தன் அவர்களின் எச்சரிக்கையோடு சேர்த்துக்கொள்ளலாம். பதிவேட்டின்படி பிரெத்தோன் பிறந்தது 1896 பிப்ரவரி 19. அவர் சொல்லிவந்ததோ பிப்ரவரி 18. இந்த ஒரு நாள் மாற்றத்துக்குக் காரணம் எது என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை; மேலைக் கணக்கில் கும்பமும் மீனமும் சந்திக்கும் எல்லை அங்கே விழுவதால், ராசியை மாற்றிக்கொள்ளவே அப்படிச் செய்தார் என்பது சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. நம் கணக்கில் இரண்டு நாள்களுமே மாசி, இரண்டுமே கும்பம். அவர் இங்கே பிறந்திருந்தால் அந்தச் சிரமமே இருந்திருக்காது.

ஆனால் பிரெத்தோன் வருங்காலப் பலன் சொல்லும் சோதிடத்தை மதித்தவர் அல்லர். வானத்தில் உள்ளதற்கும் மண்ணில் உள்ளதற்கும், கோளுக்கும் உலோகத்துக்கும் செடிக்கும் விலங்குக்கும் இடையே மறைவான ஒப்புமைகள் உண்டு என்ற பழைய எண்ணமே அவரைக் கவர்ந்தது. கவிஞனுக்கு அது உவமை கட்டும் எந்திரம். அந்த எந்திரத்தைக் கையில் எடுத்துத் தங்கள் விருப்பப்படி பிரித்து மாட்டினார்கள். 1940-41 குளிர்காலத்தில், நாஜிகளிடமிருந்து தப்பிக் கப்பலுக்காகப் பிரான்ஸின் துறைமுக நகரான மார்சேயில் காத்திருந்தபோது, பிரெத்தோன், எர்ன்ஸ்ட், விக்டர் ப்ரவ்னர், விஃப்ரேதோ லாம் முதலானோர் சேர்ந்து புதிய சீட்டுக்கட்டு ஒன்றை உருவாக்கினார்கள். ராஜா, ராணி, ஜாக்கி ஆகியோர் நீக்கப்பட்டு, மேதை, கடற்கன்னி, மந்திரவாதி என்று மூவர் வந்தார்கள். நான்கு இனங்கள்: காதலுக்குத் தீச்சுடர், கனவுக்கு விண்மீன், புரட்சிக்குச் சக்கரம், அறிவுக்குப் பூட்டு. விண்மீன் இனத்தின் மந்திரவாதியாகச் சிக்மண்ட் ஃபிராய்டு அமர்ந்திருக்கிறார். இதில் விண்மீன் என்றால் சோதிடம் அல்ல, கனவு என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய குறியை வைத்துக்கொண்டு பொருளை மாற்றிவிடுவது இவர்களின் வழக்கம்.

ப்ரவ்னர் 1947இல் செய்த ஒன்று உங்கள் விலங்குக் கேள்விக்கும் பொருந்தும். உண்மையான மர மேசை ஒன்றில், பாடம் செய்யப்பட்ட விலங்கின் தலையையும் வாலையும் பொருத்தி, ‘ஓநாய்-மேசை’ என்று பெயரிட்டார். பாரிஸின் பாம்பிடூ மையத்தில் இருக்கிறது. பொருத்தப்பட்டிருப்பது ஓநாய் அல்ல, நரி. ஓநாய்க்கு என்ன பொருள் என்று அகராதி புரட்டிக்கொண்டிருப்பவர் மேசையருகில் போய் நின்றால் நரி அவரைத் திரும்பிப் பார்த்துப் பல்லைக் காட்டும்.

காரிங்டனிடம் கோள்கள் மிகத் துயரமான முறையில் வந்தன. எர்ன்ஸ்டை இரண்டாம் முறை முகாமுக்குக் கொண்டுபோன பிறகு அவர் ஸ்பெயினுக்குத் தப்பிச் சென்றார். அங்கே மனம் நிலைகுலைந்து, 1940இல் சந்தாந்தேர் நகரின் மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். அந்த அனுபவத்தைப் பற்றி அவர் சொன்ன பதிவு 1944இல் நியூயார்க்கில் ‘வி.வி.வி.’ என்ற இதழில் வெளிவந்தது. கையிலிருந்த சில பொருள்களை வைத்து அவர் ஒரு பிரபஞ்சத்தையே அடுக்குகிறார்: முகத்துக்குப் பூசும் களிம்புச் சிமிழ்கள் இரண்டில், கறுப்பு மூடி போட்டது இரவு, இடப்பக்கம், நிலா, பெண், அழிவு; பச்சை மூடி போட்டது ஆண், சூரியன், ஆக்கம். ஒப்புமைகளின் எந்திரம் இங்கே விளையாட்டாக இல்லை. நொறுங்கிய உலகத்தை ஒட்டவைக்க ஒரு பெண் கையில் கிடைத்த ஒரே பசை அது. அங்கே நிலாவும் சூரியனும் என்ன செய்கின்றன என்று பாருங்கள். பிறகு சோதிடம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே சற்றுச் சிறியதாகத் தோன்றும்.

மெக்ஸிகோவுக்குப் போன பிறகு அவருக்கு வாய்த்த தோழி ரெமடியோஸ் வாரோ. நீர்ப்பொறியியல் வல்லுநரின் மகளாக 1908இல் ஸ்பெயினில் பிறந்தவர். விண்ணும் விலங்கும் உண்மையில் ஒரே படத்தில் சந்திப்பதைக் காட்ட வேண்டுமானால், காரிங்டனை விட வாரோவைத்தான் பரிந்துரைப்பேன். 1957இல் வரைந்த ‘பறவைகளின் படைப்பு’ என்ற ஓவியத்தில், ஆந்தை உருவம் கொண்ட ஒருத்தி மேசையில் அமர்ந்து பறவைகளை வரைகிறாள். அவளுடைய தூரிகை, கழுத்தில் தொங்கும் வயலினிலிருந்து புறப்படுகிறது. வடிகலன் ஒன்று சன்னல் வழியே வெளிவானத்திலிருந்து எதையோ இறக்கி, வண்ணமாக்கித் தட்டில் சொட்டுகிறது. இன்னொரு கையிலுள்ள முப்பட்டைக் கண்ணாடி விண்ணொளியை வாங்கித் தாளின் மேல் விழச் செய்ய, வரையப்பட்ட பறவை எழுந்து பறந்துவிடுகிறது. நம் ஊரில் ஆந்தை கெட்ட சகுனம், அங்கே கிரேக்கத் தெய்வம் அதீனாவின் அறிவுப் பறவை என்று விளக்கம் சொல்லலாம். ஆனால் படத்தின் உயிர் அந்தக் குழாய்களிலும் கண்ணாடியிலும் இருக்கிறது. பொறியாளர் மகளின் கை அது. மறு ஆண்டு வரைந்த ‘விண்மீன் கஞ்சி’ இன்னும் எளியது, இன்னும் வலியது. தனித்த கோபுரம் ஒன்றில் அமர்ந்த பெண், விண்மீன் துகளை அரவை எந்திரத்தில் இட்டு அரைத்து, கூண்டுக்குள் இருக்கும் பிறைநிலாவுக்குக் கரண்டியால் ஊட்டுகிறாள். சோதிடத்தில் நிலா மனிதர்களை ஆளும். இங்கே நிலாவுக்கு ஒரு பெண் சோறூட்ட வேண்டியிருக்கிறது.

காலோவின் மான் 1946இல் வரையப்பட்டது. அவர் தம் தலையை மானின் உடலோடு இணைத்து, அதில் ஒன்பது அம்புகளைத் தைத்திருக்கிறார். கீழே இடது மூலையில் அவர் கையால் எழுதிய ‘கார்மா’ என்ற சொல் இருப்பது மெய்யே. முதுகெலும்பில் பெரிய அறுவை சிகிச்சை நடந்த ஆண்டு அது. தாம் சர்ரியலிஸ்ட் அல்ல, தம் சொந்த மெய்ம்மையையே வரைவதாக அவர் சொல்லியிருப்பதால், அவரை இந்தப் பேச்சின் ஓரத்தில் மட்டும் நிறுத்துவது மரியாதை. அந்தச் சொல்லைப் பார்த்ததும் நம்மவர்கள் பூர்வஜென்மம் வரை போய்விடுவார்கள், போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடைவழி:

வாரோவுக்கு நம் கணக்கில் என்ன ராசி என்று கேட்கக் கூடாதுதான், ஆனாலும் கேட்கிறேன்.

பஞ்சாங்கப்பித்தன்:

1908 டிசம்பர் 16. மார்கழி பிறந்த கையோடு பிறந்தவர். சூரியன் இரு கணக்குகளிலும் தனுசில்தான். உலகம் முழுவதும் ஒத்துக்கொள்ளும் ஒரே ஜாதகம் இந்தத் திரியில் அவருடையது. அவர் வரைந்ததோ பெரும்பாலும் பூனைகளையும் பறவைகளையும்.

குடுவைக்குள்நிலா:

பூனை என்றதும் நினைவுக்கு வருகிறது. வாரோ தம் படங்கள் சிலவற்றுக்குத் தம் சகோதரருக்காகச் சுருக்கமான விளக்கங்கள் எழுதியிருக்கிறார். அவற்றை விட நல்ல மருந்து குறியீட்டு வேட்டைக்கு இல்லை. 1955இல் வரைந்த ஒரு படத்தில் பூனை ஒன்று மேசை மேல் தாவியிருக்கிறது, பாத்திரம் கவிழ்ந்திருக்கிறது, அதைத் தடவிக்கொடுப்பவரின் கையிலிருந்து ஒளிக்கோடுகள் வலையாகப் பின்னிப் பரவுகின்றன. பார்ப்பவர்கள் இதில் பிரபஞ்ச ஆற்றல், நாடி, சூக்கும உடல் என்று எதையும் காணலாம். வாரோவின் விளக்கமோ இப்படிப் போகிறது: வீட்டுப் பூனை மேசையில் ஏறிக் குழப்பம் செய்கிறது, பூனை பிடித்தவர்கள் இதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும், தனக்கும் பூனை பிடிக்கும், அதைத் தடவும்போது கிளம்பும் பொறிகள் மிகுதியாகி, சிக்கலான மின்கருவி ஒன்றாகவே ஆகிவிடுகின்றன. பூனையின் முடியில் வறண்ட நாள்களில் உண்மையிலேயே பொறி பறக்கும் என்பது வளர்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணால் கண்ட சின்ன உண்மையிலிருந்து தொடங்கி விண்ணளவு போகிறார். நாமோ விண்ணில் தொடங்கிப் பூனையையே மறந்துவிடுகிறோம்.

தூரிகைதாசன்:

அட்டவணையைக் கிழித்துவிட்டேன். மாடத்துப்புறா சொன்னபடி தன்னுருவ ஓவியத்தையும் எர்ன்ஸ்டின் உருவப்படத்தையும் அடுத்தடுத்துக் காட்டி, காரிங்டனின் களிம்புச் சிமிழ்களைப் பற்றிச் சொல்லி, வாரோவின் பூனைக்கு வந்து சேரலாம் என்று இருக்கிறேன். மார்சேய்ச் சீட்டுக்கட்டுக்கு நேரம் போதுமா என்று தெரியவில்லை. வட்டத்தில் ஒரு பெரியவர் எப்போதும் முதல் வரிசையில் அமர்ந்து, பேச்சு முடியும் முன்பே கேள்வி கேட்பவர். ராசியைப் பற்றி அவர் கேட்டால் பஞ்சாங்கப்பித்தன் ஐயாவின் மறுமொழியை அப்படியே படித்துக்காட்டிவிடுவேன், அனுமதி தருவார் என்று நம்புகிறேன்.

மாடத்துப்புறா:

ஒரே ஒரு வேண்டுகோள். தன்னுருவ ஓவியத்தைத் திரையில் போட்டதும் உடனே பேசத் தொடங்காதீர்கள். அந்தப் பெண்ணின் கையையும் கழுதைப்புலியின் முன்னங்காலையும் கூட்டத்தினர் தாமாகவே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் விடுங்கள். அவள் கை நீட்டியிருக்கும் பாங்கும், அது கால் தூக்கியிருக்கும் பாங்கும் ஒன்றே. இருவரும் நம்மைத்தான் பார்க்கிறார்கள். யாராவது ஒருவர் கட்டாயம் அதைச் சொல்வார், பெரும்பாலும் உங்கள் முதல் வரிசைப் பெரியவரே.